சின்ஹலைட்: வேறு பெயரில் விலைபோன கல்

பெரிய மார்க்கெட்டில் மிளகு வாங்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் உள்ள டம்ளரில் போடுவார்கள். நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மேலே மிதக்கும். கண் ஏமாந்த இடத்தில் எடை காட்டிக் கொடுத்துவிடுகிறது. பல ஆண்டுகள் உலகத்து ரத்தின வியாபாரிகளை ஏமாற்றி வந்த ஒரு கல்லும் ஏறக்குறைய இப்படித்தான் அகப்பட்டது. மளிகைக்காரருக்கு ரத்தினக் கல்லோடு என்ன வேலை என்று கேட்க வேண்டாம். நமது லாஸ்பேட்டைப் பகுதியில் கடை நடத்தும் உறுப்பினர் ஒருவரிடம் அந்தக் கல்லே வந்து சேர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இலங்கையின் இரத்தினபுரி வட்டாரத்தில் வயல்களுக்கு அடியில் ஒரு சரளை மண் அடுக்கு இருக்கிறது. அதை அங்கே 'இல்லம்' என்கிறார்கள். (நம் காதுக்கு வீடு போல ஒலித்தாலும் அது சிங்களச் சொல்.) குழி வெட்டி, பக்கச் சுவர் சரியாமல் மரச்சட்டம் கொடுத்து, தண்ணீரை இறைத்துக்கொண்டே அந்தச் சரளையைத் தோண்டி எடுத்து, கூடையில் இட்டு அலசுவார்கள். நாம் அரிசியில் கல் பொறுக்குகிறோம். அவர்கள் கல்லில் கல் பொறுக்குகிறார்கள். நீலம், புஷ்பராகம், வைடூரியம், கோமேதகம் எல்லாம் அதில் கிடைக்கும். கூடவே தேன் நிறத்திலும் பழுப்பிலும், சிறிது பச்சை ஓடிய பழுப்பிலும் சில கற்கள் கிடைத்தன. அவற்றைப் பழுப்பு நிறப் பெரிடாட் என்று எண்ணி வாங்கினார்கள், விற்றார்கள்; காட்சிச்சாலைகளிலும் அதே பெயர்ச்சீட்டோடு வைத்தார்கள்.

பெரிடாட் என்பது பச்சைக் கல். அதன் அடர்த்தி தண்ணீரைப் போல் சுமார் 3.34 மடங்கு. இந்தப் பழுப்புக் கற்களோ 3.48 அளவில் நின்றன. பழுப்பு நிறம் இரும்பு கூடுதலாகச் சேர்ந்ததால் வந்தது, அதனால்தான் எடையும் கூடுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். சரக்கில் வித்தியாசம் தெரிந்த பிறகும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருப்பது நம் தொழிலிலும் நடப்பதுதான். 1952-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த கிளாரிங்புல், ஹே என்ற இரு அறிஞர்கள், எக்ஸ் கதிர்ச் சோதனையும் இரசாயனச் சோதனையும் கொண்டு இது பெரிடாட்டே அல்ல, அதுவரை பெயர் பெறாத தனிக் கனிமம் என்று நிலைநாட்டினார்கள். இலங்கையின் பழைய வடமொழிப் பெயரை ஒட்டி அதற்குச் சின்ஹலைட் என்று பெயரிட்டார்கள்.

பெரிடாட்டில் மக்னீசியமும் இரும்பும் சிலிக்காவும் உண்டு. சின்ஹலைட்டில் சிலிக்காவுக்கு இடமில்லை. மக்னீசியம், அலுமினியம், போரான், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்தது அது. போரான் என்றதும் மிரள வேண்டாம். பொற்கொல்லர் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெங்காரத்தில் இருப்பதும் அதுதான். விசித்திரம் என்னவென்றால், சரக்கு வேறானாலும் அணுக்கள் அடுக்கப்பட்ட முறை இரண்டிலும் ஒன்றே. குணங்கள் அவ்வளவு ஒத்துப்போனதற்கு அதுவே காரணம்.

இதே தீவின் சரளையில் கிடைக்கும் இன்னொரு கல் டாஃபைட். 1945-ல் டப்ளின் நகரில் ரிச்சர்ட் டாஃப் என்பவர், கடையில் மலிவாக வாங்கிய கலப்புக் கற்களுக்குள் அதைக் கண்டெடுத்தார். சுரங்கத்தில் கிடைக்காமல், பட்டை தீட்டி விற்பனைக்கு வந்த பிறகு கண்டறியப்பட்ட கனிமம் அது.

சின்ஹலைட்டின் கடினம் 6½ முதல் 7 வரை. நம் கடைத் தூசியில் உள்ள மணல் 7 என்பதால், தினமும் மூட்டை புரட்டும் கையில் மோதிரமாக அணிந்தால் பளபளப்பு மங்கும். பதக்கத்துக்கும் தோட்டுக்கும் ஏற்றது. நூறு காரட்டுக்கு மேற்பட்ட கற்கள்கூடக் கிடைத்திருக்கின்றன. பர்மா, தான்சானியா நாடுகளிலும் உண்டு. ஆனாலும் நவரத்தினத்தில் சேராதது, நிறமோ பழுப்பு. எனவே பெரும்பாலும் அபூர்வக் கல் சேகரிப்போர்தான் தேடி வாங்குகிறார்கள்.

இனி நம் உறுப்பினர் கதை. பல மாதப் பாக்கிக்கு ஈடாக ஒரு வாடிக்கையாளர் அம்மா மோதிரம் ஒன்றைக் கொடுத்துவைத்தார். தாத்தா கொழும்பிலிருந்து கொண்டுவந்த கோமேதகம் என்று குடும்பத்தில் சொல்வார்களாம். உறுப்பினர் அதை என்னிடம் காட்டினார். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் வைத்து மேல்முகம் வழியாகப் பார்த்தபோது, அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரிந்தன. கோமேதகத்தில் அப்படித் தெரியாது. உள்ளே பாகு கரைந்தாற்போல ஒரு சுழிவுதான் இருக்கும். கண்ணாடியிலும் கோடு இரட்டிக்காது.

அந்த அம்மாவின் சம்மதத்தோடு, தெரிந்த பொற்கொல்லர் கல்லைக் கழற்றி, மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுத்தார். 1.740 கிராம், அதாவது 8.70 காரட். மெல்லிய கம்பியில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் நிறுத்தபோது 1.240. குறைந்தது 0.500. முதல் எடையை இதனால் வகுத்தால் 3.48. இதே எடையுள்ள கோமேதகமானால் சுமார் 0.477 குறைந்திருக்கும், பெரிடாட்டானால் 0.521. வித்தியாசம் அவ்வளவு நுணுக்கம். கல்லில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலே கணக்கு மாறிவிடும். நம் கடைத் தராசில் இதை முயன்று யாரும் ஏமாற வேண்டாம். இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பெயர் சொல்லவும் கூடாது. ஒளி எவ்வளவு வளைகிறது என்பதையும் கருவியில் அளக்க வேண்டும். ஜெய்ப்பூர், சென்னை போன்ற ஊர்களில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றுக்கு அனுப்பியதில் சின்ஹலைட் என்றே சான்றிதழ் வந்தது.

உறுப்பினர் பேசாமல் இருந்திருக்கலாம். பாக்கித் தொகைக்குக் கோமேதகம் என்றே மோதிரத்தைக் கழித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சான்றிதழைக் கையில் கொடுத்து, இது கோமேதகம் இல்லை, அதைவிட அபூர்வம், விசாரிக்காமல் யாரிடமும் விற்றுவிட வேண்டாம் என்று சொன்னார்.

அவர் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இது ராகுவுக்கு ஆகாதா அண்ணாச்சி?" என்று கேட்டாராம்.

மோதிரம் அவர் வீட்டுக்கே திரும்பிப் போயிற்று. பாக்கி மாதாமாதம் தவணையாக வந்துகொண்டிருக்கிறது.