வண்டி வாங்கும் படலம் – 9: இடது காலுக்கு ஓய்வு

ஷோரூமுக்குள் கால் வைத்ததும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கொடுக்கும்?" பத்து லட்சத்துக்குள் ஆட்டோமேட்டிக் செடான் தேடி வருகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கச் சொல்வேன். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள்? அதில் நெரிசலில் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு? இதற்குப் பதில் இல்லாதவருக்கு மைலேஜ் என்பது வெறும் எண்.

போன வாரம் ஹேட்ச்பேக் கார்களைப் பார்த்தோம். அவற்றின் பின்னால் ஒரு டிக்கியைச் சேர்த்தால் வருவதுதான் இந்த ரகம். நம் நாட்டு வரிச் சட்டத்தால் பிறந்தது. 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது, பெட்ரோல் இன்ஜின் 1200 சி.சி.யைத் தாண்டக் கூடாது. உடனே எல்லாரும் டேப்பை எடுத்தார்கள். 2008-இல் டாடா, இண்டிகோவின் நீளத்தைக் குறைத்து இண்டிகோ சி.எஸ். கொண்டுவந்தது. அதே ஆண்டு 4 மீட்டருக்கு மேல் நீளத்தோடு வந்த மாருதி டிசையர், 2012-இல் 3,995 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. இன்று கடையில் இருக்கும் டிசையர், ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஆரா, டாடா டிகோர் நான்கும் அந்தக் கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் உள்ளேதான் நிற்கின்றன. கோடு இன்னும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; தாண்டினால் 40.

சரி, ஆட்டோமேட்டிக்குக்கு வருவோம். இந்த நான்கில் மூன்றில் இருப்பது ஏ.எம்.டி. அமேஸில் மட்டும் சி.வி.டி. இரண்டுக்கும் கிளட்ச் பெடல் கிடையாது என்பதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது.

ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸேதான். அதே பற்சக்கரங்கள், அதே கிளட்ச் பிளேட். நம் இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஒரு கணினியும் இரண்டு ஆக்சுவேட்டர்களும் செய்கின்றன. 2014-இல் மாருதி செலேரியோவில் இது இந்தியாவுக்கு வந்தது. கருவி மாக்னெட்டி மரெல்லி என்ற இத்தாலிய நிறுவனத்துடையது. அதுவரை ஆட்டோமேட்டிக் என்றால் பணக்காரச் சமாச்சாரம். செலேரியோ அதை மாருதி 800 ஓட்டியவர்களின் கைக்குக் கொண்டுவந்தது. காரணம் விலைதான். 2024 நவம்பரில் புதிய டிசையர் வந்தபோது, ஒரே வேரியன்டில் மேனுவலுக்கும் ஏ.எம்.டி.க்கும் வித்தியாசம் 45,000 ரூபாய். அதற்கு அடுத்த மாதம் வந்த அமேஸில் சி.வி.டி.க்குக் கூடுதலாகக் கேட்டது ஏறக்குறைய 90,000 முதல் 1,20,000 வரை.

அந்தக் கூடுதல் பணம் எதற்கு என்பது அண்ணா சாலையில் மாலை ஆறரை மணிக்குப் புரியும். ஏ.எம்.டி. கியர் மாற்றும்போது கிளட்ச் விலகி மறுபடி சேர வேண்டும். அந்த இடைவெளியில் வண்டி ஒரு நொடி தயங்கும், உள்ளே இருப்பவர்களின் தலை லேசாக முன்னால் வந்து போகும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் தயக்கம் கூடும். மிதமாக மிதித்தால் குறையும். ஒரு மாதத்தில் கால் பழகிவிடும். பின் சீட்டில் இருக்கும் மாமியார் பழகுவாரா என்பது வேறு விஷயம்.

சி.வி.டி.யில் மாற்றுவதற்கு கியரே இல்லை. கூம்பு வடிவில் இரண்டு கப்பிகள், நடுவே ஓர் உலோக பெல்ட். கப்பிகள் அகலவும் நெருங்கவும் பெல்ட் ஏறி இறங்கும். விகிதம் வழுக்கிக்கொண்டு மாறும். குலுக்கல் என்பதே கிடையாது. ஆனால் ஓவர்டேக் செய்ய அழுத்தினால் முதலில் இன்ஜின் கத்தும், வேகம் சற்றுக் கழித்தே வரும். ஓட்டுவதில் ருசி காண்கிறவர்களுக்கு இது எரிச்சல். நிதானமாக அலுவலகம் போய் வருபவர்களுக்கு இதைவிடச் சுகம் கிடையாது.

இப்போது மைலேஜ். டிசையர் மேனுவலுக்கு அறிவிக்கப்பட்டது 24.79, ஏ.எம்.டி.க்கு 25.71. அமேஸ் மேனுவல் 18.65, சி.வி.டி. 19.46. இரண்டிலுமே ஆட்டோமேட்டிக்தான் அதிகம்! "ஆட்டோமேட்டிக் பெட்ரோல் குடிக்கும்" என்று சொல்லி வந்த பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது நாலே கியர் கொண்ட பழைய டார்க் கன்வர்ட்டர் வண்டிகளை. இப்போதைய கணினி சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடுகிறது. தவிர, சோதனையின் விதியும் கை கொடுக்கிறது. மேனுவல் காருக்கு எந்த வேகத்தில் எந்த கியர் என்று சோதனையே சொல்லிவிடும். ஆட்டோமேட்டிக் தனக்குச் சிக்கனமான இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

அந்தச் சோதனை நடப்பது ரோட்டில் அல்ல, உருளைகளின் மேல். அதிகபட்ச வேகம் 90 கி.மீ. ஏ.சி. ஓடாது. மே மாத மதியத்தில் ஏ.சி. போடாமல் கார் ஓட்டும் தமிழரை எனக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால், கலவையில் ஆறு ஏழு சதவீதம் குறைகிறது. ஆகவே ஷோரூம் எண்ணை இரண்டு கார்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். மாதச் செலவுக்கு அதை நம்பாதீர்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். நகருக்குள் ஒரு கார் 16 கொடுக்கிறது, இன்னொன்று 13 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய். மாதம் 500 கி.மீ. ஓட்டினால் வித்தியாசம் சுமார் 720 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு 43,000 சொச்சம். கியர்பாக்ஸ் விலையில் இருக்கும் வித்தியாசத்தைக்கூட அது தொடுவதில்லை. இதே மாதம் 2,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு ஐந்து ஆண்டில் 1,73,000 ரூபாய். அவர் டிசையர் ஏ.எம்.டி.யைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை என்பேன். டாக்ஸிக்காரர்கள் டிசையரை மொய்ப்பதில் ஆச்சரியமே இல்லை. 500 கி.மீ. ஆசாமி மைலேஜை மறந்துவிட்டு, நெரிசலில் எது சுகம் என்று பார்த்தால் போதும். அவருக்கு என் ஓட்டு சி.வி.டி.க்கு.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் தயாராகும் ஆராவின் நாலு சிலிண்டர் இன்ஜின் டிசையரின் மூன்று சிலிண்டரைவிட அதிர்வு குறைந்தது. டிகோரின் தனிச்சிறப்பு, சி.என்.ஜி.யிலேயே ஏ.எம்.டி. கிடைப்பது. 2024 பிப்ரவரியில் வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் சி.என்.ஜி. பங்க் இருந்து, அங்கே வரிசையும் இல்லாவிட்டால் யோசிக்கலாம். பாதுகாப்பில் டிசையர் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. மாருதி கார் ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் முறை.

விலைப் பட்டியலைப் பார்க்கும்போது தமிழ்நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய படிக்கட்டு ஒன்று உண்டு. 2023 நவம்பர் முதல் இங்கே ஆயுள் வரி, 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18. அதாவது 9.90 லட்சம் காருக்கு வரி 1,28,700, 10.10 லட்சம் காருக்கு 1,81,800. இருபதாயிரம் கூடுதலாகக் கொடுத்து உயர்ந்த வேரியன்ட் எடுக்கிறோம் என்று நினைப்பீர்கள், ஆர்.டி.ஓ.வுக்கு மட்டும் இன்னொரு ஐம்பத்து மூவாயிரம் போயிருக்கும். ஆட்டோமேட்டிக்கின் உச்ச வேரியன்ட்கள் இந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே உலவுவதால், அலாய் வீலுக்கும் பெரிய திரைக்கும் ஆசைப்படும் முன் ஆன்-ரோடு விலையை எழுதி வாங்குங்கள். பெரும்பாலோருக்கு நடு வேரியன்டே போதும்.

டெஸ்ட் டிரைவ் போகும்போது விற்பனையாளர் காட்டும் காலி ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்காதீர்கள். உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டின் சரிவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி எடுங்கள். ஏ.எம்.டி.யின் யோக்கியதை அங்கேதான் தெரியும். ஹில் ஹோல்ட் இருந்தால் இரண்டு நொடி பிடித்து வைக்கும், அதற்குள் காலை மாற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் சிக்னலுக்குக் காத்திருக்கையில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே கிளட்ச் பிளேட் இருப்பதை மறந்துவிட்டவர்கள். கருகும் வாசனை வந்தபின் நினைவுக்கு வரும்.

ஏ.எம்.டி. லீவரில் 'பி' என்ற நிலை இருக்காது என்பதையும் வாங்குவதற்கு முன்பே வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவைப்பது நல்லது. சரிவில் நிறுத்தும்போது கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கையும் முழுசாக இழுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். சி.வி.டி.யில் 'பி' உண்டு. ஆனால் அதற்கென்றே உள்ள எண்ணெயை கம்பெனி சொன்ன இடைவெளியில் மாற்றியாக வேண்டும், வேறு எண்ணெய் ஆகாது. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருபவர்கள், எந்தக் கியர்பாக்ஸானாலும் 'டி'யில் விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஏ.எம்.டி.யில் 'எம்' போட்டு இரண்டாம் கியரில் இறங்கலாம். இதையும் டெஸ்ட் டிரைவிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டெலிவரி நாளில் மாலை, சாவி, போட்டோ அமர்க்களத்தில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

(அடுத்த வாரம்: இன்ஷூரன்ஸ் ஷோரூமிலா, வெளியிலா?)