குரோட்டன்ஸ் ஏன் பச்சையாகிவிடுகிறது?

நர்சரியில் சிவப்பும் மஞ்சளுமாக நின்ற குரோட்டன்ஸ், வீட்டுக்கு வந்த சில மாதங்களில் வெறும் பச்சையாகிவிட்டது என்று குறைப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஏதோ மருந்தடித்து நிறம் காட்டி விற்றுவிட்டார்கள் என்பது அவர்கள் சந்தேகம். நர்சரிக்காரர் மீது தவறில்லை. செடியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில், ‘ஹாலில், டிவிக்குப் பக்கத்தில்’.

குரோட்டன்ஸ் இலையில் பச்சையம் எப்போதும் உண்டு. சிவப்பைத் தருவது ஆந்தோசயனின். மஞ்சளையும் ஆரஞ்சையும் தருவது கரோட்டினாய்டு. நல்ல வெயில் படும்போது இந்த நிறமிகள் இலையில் தாராளமாகச் சேரும். வெளிச்சம் குறைந்தால், கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடித்து உணவாக்கியாக வேண்டும் என்பதால், புதிதாக விடும் இலைகளில் பச்சையம் கூடி மற்ற நிறங்கள் அடங்கிப்போகின்றன. உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. வெயில் ஒன்றுதான் வைத்தியம். ஆனால் பெட்ரா போன்ற ரகங்களில் கொழுந்து பச்சையும் மஞ்சளுமாகத்தான் வரும். முற்ற முற்றத்தான் சிவக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வண்ண இலைச் செடி எதை வாங்கினாலும், அது நம் ஊர்ச் செடிகளில் எதற்குச் சொந்தம் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பாதி பராமரிப்பு அதிலேயே பிடிபட்டுவிடும். குரோட்டன்ஸ் ஆமணக்குக் குடும்பம். காட்டாமணக்கும் மரவள்ளியும் குப்பைமேனியும் அதன் பங்காளிகள். இலையைக் கிள்ளினால் பால் வடியும். துணியில் பட்டால் கறை போகாது, சிலருக்குத் தோலில் பட்டால் அரிக்கும். இதன் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகள் தொடங்கி நியூகினி, வட ஆஸ்திரேலியா வரை நீளும் பகுதி. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் கையிலிருந்த அம்போன் தீவில் வாழ்ந்த ரம்பியஸ், அங்குள்ள செடிகொடிகளைப் பற்றி எழுதிய பெரும் நூலில் இதையும் சேர்த்திருக்கிறார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1741இல்தான் அந்த நூல் அச்சேறத் தொடங்கியது. கடற்காற்றும் ஈரப்பதமும் வெயிலும் கலந்த ஊர் அம்போன். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இந்தச் செடி இவ்வளவு எளிதாகப் பழகிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

கிழக்குப் பார்த்த பால்கனி இதற்கு மிகவும் உகந்தது. காலை வெயில் நான்கு மணி நேரம் கிடைத்தால் போதும், நிறம் தானாக ஏறும். மேற்குப் பார்த்த மாடி என்றால் கத்திரி வெயிலில் இலை வெளுத்துக் கருகும். அந்த மாதங்களில் மட்டும் ஷேட் நெட் கட்டுங்கள். நர்சரியில் பெரும்பாலும் நெட் நிழலில் வளர்ந்த செடிதான் நம் கைக்கு வருகிறது. கொண்டுவந்த அன்றே உச்சி வெயிலில் வைக்காமல், பத்து நாள் போல மெல்லப் பழக்க வேண்டும். எப்படிப் பழக்கினாலும் அடி இலைகள் சில உதிரும். இடம் மாறினால் இலை உதிர்ப்பது இதன் சுபாவம். வாடிவிட்டது என்று நினைத்து அந்த நேரத்தில் தண்ணீரை ஊற்றிக் குவிப்பதுதான் செடியைக் கொல்கிறது.

வெயில் போதாமல் செத்த செடிகளைவிடத் தண்ணீர் அதிகமாகிச் செத்தவைதான் நம் வீடுகளில் அதிகம் என்பது என் அபிப்பிராயம். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மேலே ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஊற்றும்போது அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்ற வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள். வேர் அழுகுவது ஒருபுறம், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் அந்தத் தட்டில்தான். செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவில் கலந்த மண் போதுமானது. போர்த் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள பகுதிகளில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்புதான் இலை ஓரத்தையும் கருக்குகிறது. மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்ற முடிந்தால் அதற்கு ஈடே இல்லை.

வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடைக்கும்போது, திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுத் துணுக்கு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. மேல்பரப்பில் ஊசி குத்தியது போல வெளிர் புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் சிலந்திப்பேன்; ஏசி அறையின் வறண்ட காற்றில் இது பெருகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளித்தால் அடங்கும். ஒரு தடவையோடு விட்டுவிடக் கூடாது. வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம் தெளிக்க வேண்டும்.

குரோட்டன்ஸில் என்னை மிகவும் கவர்வது அதன் கிளைகள் காட்டும் வித்தை. ஒரே செடியில் திடீரென ஒரு கிளை மட்டும் வேறு நிறத்திலோ வேறு வடிவ இலையோடோ கிளம்பும். அந்தக் கிளையை விண்பதியம் போட்டு எடுத்தால் அது தனி ரகம். விதை போட்டால் தாயைப் போலவே பிள்ளை வராது. ஆகவே பதியம் அல்லது கட்டிங் மட்டுமே வழி. பென்சில் கனமுள்ள கிளையில் ஓர் அங்குலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி, வடியும் பாலைத் துடைத்து, ஈரமான தேங்காய் நார்க்கழிவைச் சுற்றி, பாலிதீன் தாளால் மூடி இரு முனையும் கட்டுங்கள். மழைக்காலத்தில் ஒன்றிரண்டு மாதத்துக்குள் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். கீழே வெட்டித் தொட்டியில் வைக்கலாம்.

வண்ண இலைச் செடிகளில் இன்னொன்றான கோலியஸை வளர்ப்பது இன்னும் எளிது. அதன் தண்டைத் தடவிப் பாருங்கள், நாலு பட்டையாக இருக்கும். துளசி குடும்பம், நம் ஓமவல்லியும் அதுவும் ஒரே பேரினம். ஓமவல்லியைக் கிள்ளி நட்டால் வருவது போல இதுவும் வரும். பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடுங்கள். விட்டால் இலை சிறுத்துத் தண்டு மட்டும் நெடுநெடுவென்று போகும்.

சரி, ஹாலில் வைக்க ஒன்றுமே இல்லையா? அக்லோனிமா இருக்கிறது. சேம்புக் குடும்பம், தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மர நிழலில் வளர்வது. முன்பு பச்சையும் வெள்ளியும்தான் இருந்தன. 1980களில் இந்தோனேசியாவின் கிரெகோரி ஹம்பாலி ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய ‘பிரைட் ஆஃப் சுமத்ரா’வுக்குப் பிறகுதான் சிவப்பு ரகங்கள் பெருகின. சிவப்பு ரகம் என்றால் ஜன்னலோரம் வேண்டும். பச்சை ரகம் சற்று உள்ளேயும் தாங்கும். காற்றைச் சுத்தப்படுத்தும் என்று சொல்லி விற்பதை நம்பி வாங்காதீர்கள். 1989இல் நாசா செய்த ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் பலனைச் செடிகளால் பெற, சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டியிருக்கும் என்று 2019இல் வெளியான மறு ஆய்வு கணக்கிட்டது. அழகுக்காக வாங்குங்கள், அது போதாதா?

கலேடியமும் சேம்புக்குச் சொந்தம்தான். கருணைக்கிழங்கு நறுக்கினால் கை ஏன் அரிக்கிறதோ, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் அக்லோனிமா, கலேடியம் இரண்டிலும் உண்டு. குழந்தை இலையை மென்றால் வாய் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையோ நாய், பூனையோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கலேடியத்தின் வெள்ளை இலைக்கு நேர் வெயில் ஆகாது. வடிகட்டிய வெளிச்சம் போதும். அமேசான் பக்கத்துச் செடி என்பதால் மழைக்கும் வறட்சிக்கும் பழகிய உடம்பு. மார்கழி, தையில் இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சாய்ந்து, தொட்டி வெறும் மண்ணாக நிற்கும். செடி செத்துவிட்டது என்று பலரும் குப்பையில் கொட்டுவது அப்போதுதான். தயவுசெய்து கொட்டாதீர்கள். உள்ளே கிழங்கு உயிரோடு இருக்கிறது. தண்ணீரை நிறுத்தி, மழை படாத மூலையில் தொட்டியை ஒதுக்கி வையுங்கள். வெப்பம் ஏறும் பங்குனி, சித்திரையில் லேசாக ஈரம் காட்டுங்கள். அழுகாத கிழங்கு மறுபடி துளிர்க்கும்.