சாவி யார் கையில்?

இங்கிலாந்து நாட்டுக் கிராமம் ஒன்று. பண்ணை வீட்டின் பின்புறம் பாழடைந்த கொட்டகை. அதன் மூலையிலே, காஞ்சொறிச் செடிகள் சூழ, கோழிகள் ஏறி உறங்கும் மேடையாக நிற்கிறது ஒரு பழைய டிராக்டர். டயர்கள் வெடித்துவிட்டன. வண்ணம் உதிர்ந்துவிட்டது. உடலெங்கும் துரு. எஞ்சின் இறுகிக் கிடக்கிறது. எழுபது ஆண்டுகட்கு முன் பிறந்த இரும்பு அது. பழைய இரும்பு வாங்குபவர் வந்து எடைபோட்டுத் தூக்கிச் செல்ல வேண்டியதுதான் பாக்கி!

ஆனால் வருகிறார் ஒரு முதியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். எண் பொறித்த தகட்டைத் துணியால் துடைத்துப் படிக்கிறார். பேரம் பேசுகிறார். பணத்தைக் கொடுத்து, வண்டியில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டு போகிறார். அண்டை வீட்டார் சிரிக்கிறார்கள். மனைவி பெருமூச்சு விடுகிறார்.

பித்தமா இது? பித்தமென்றால், ஒருவர் இருவரைப் பிடித்த பித்தமல்ல. பிரிட்டனிலும் அயர்லாந்திலும், ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். சங்கம் வைத்திருக்கிறார்கள், ஏடு நடத்துகிறார்கள், கண்காட்சி கூட்டுகிறார்கள், பழைய டிராக்டர்களை வரிசையாக ஓட்டி ஊர்வலம் வந்து, அதில் திரளும் பணத்தை அறப்பணிகளுக்குத் தருகிறார்கள்.

"வயிறு நிறைந்தவனுக்கு வந்த வேடிக்கை!" என்று எள்ளி நகையாடலாம். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால், அந்த முதியவர் கையில் பிடித்திருக்கும் ஒரு சிறு கருவியைக் கூர்ந்து பார்த்தபோது, இது வேடிக்கையல்ல, வழக்கு என்பது விளங்கிற்று. உழைப்பவனுக்கும் அவன் விலைகொடுத்து வாங்கிய கருவிக்கும் உள்ள உறவு பற்றிய வழக்கு!

சாம்பல் நிறக் குட்டி

அந்த முதியவர்களில் மிகப் பலர் தேடி அலைவது ஒரு குறிப்பிட்ட டிராக்டரை. பெர்குசன் டி.இ.20 என்பது அதன் பெயர். சாம்பல் வண்ணம் பூசி வந்ததால் 'சாம்பல் நிறக் குட்டி பெர்கி' என்று செல்லமாக அழைப்பார்கள். போர்க்காலத்திலே விமான எஞ்சின் செய்வதற்கென்று கவென்ட்ரி நகரில் எழுந்த பானர் லேன் தொழிற்சாலை, போர் முடிந்ததும் 1946-ம் ஆண்டில் இந்த டிராக்டரைச் செய்யத் தொடங்கிற்று. 1956 வரையில் 5,17,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. வானிலே பறந்து குண்டு வீசுவதற்கு எஞ்சின் செய்த கூடம், மண்ணிலே இறங்கி உணவு விளைவிக்கும் எஞ்சின் செய்தது!

இதைப் படைத்தவர் ஹாரி பெர்குசன்; அயர்லாந்தின் டவுன் கவுண்டியில் 1884-ல் ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர். அவருக்கு முன்பும் டிராக்டர் இருந்தது. முதல் உலகப்போரின்போதே, 1917-ல், அமெரிக்காவிலே ஹென்றி போர்டு தமது போர்ட்சன் டிராக்டரை ஆயிரக்கணக்கில் செய்து பிரிட்டனுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார். ஆனால் அன்றைய டிராக்டர், மாட்டுக்குப் பதிலாக வந்த இரும்பு மாடு, அவ்வளவே. கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்தது. கொழு ஒரு பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? கலப்பை நகராது, சக்கரம் நிற்காது. முன்புறம் மேலே எழும்பும். ஒரு நொடியில் வண்டி மல்லாந்து ஓட்டுபவன்மீதே விழும். சோறு தேடப் போனவன் பிணமாகத் திரும்பிய குடும்பங்கள் பல.

பெர்குசன் சிந்தித்தார். கலப்பையைக் கட்டி இழுக்காமல், டிராக்டரின் உடலோடு ஓர் உறுப்பாக ஆக்கினால் என்ன? பின்புறத்தில் கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை — மூன்று கைகளால் கலப்பையைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பைச் செய்தார். கொழு தடைபட்டால், அந்தத் தடையின் விசை மேல் கை வழியாகப் பாய்ந்து டிராக்டரின் முன் சக்கரங்களைத் தரையோடு அழுத்தும். எது ஓட்டுபவனைக் கொன்றதோ, அதே விசை அவனைக் காக்கும்! எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் பம்பு, கலப்பையைத் தூக்கும், இறக்கும், இழுவைக்கேற்ப ஆழத்தையும் சீர்ப்படுத்தும். ஆகவே வண்டி கனமாக இருக்கவேண்டிய தேவையே இல்லை. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள குட்டி, தன்னைவிடப் பெரிய வண்டிகள் செய்த வேலையைச் செய்தது.

அதன் வலிமைக்குச் சான்று வேண்டுமா? எட்மண்ட் ஹிலாரியும் அவர் தோழர்களும் 1958-ம் ஆண்டு ஜனவரி 4-ம் நாள் தென் துருவத்தை அடைந்தது இந்தப் பெர்குசன் டிராக்டர்களில்தான். சக்கரங்களைச் சுற்றிச் சங்கிலிப்பட்டை மாட்டி, பனிப் பாலைவனத்தைக் கடந்தார்கள். வயலுக்கென்று செய்த வண்டி உலகின் அடிமுனை வரையில் போயிற்று!

கூடவே வந்த கருவி

இனி, முதியவர் கையிலிருந்த சிறு கருவிக்கு வருவோம். அது ஒரு ஸ்பேனர். திருகு சாவி. டிராக்டரோடு கொடுத்தது. கலப்பையை மாட்டவும் கழற்றவும் சரிசெய்யவும் தேவைப்படும் மரைகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஸ்பேனர் பொருந்தும்படி அமைத்திருந்தார்கள். அங்குலக் கோடுகளும் அதன் மேலேயே இருக்கும். உழவுச்சாலின் ஆழ அகலத்தை அதைக் கொண்டே அளக்கலாம்.

எவ்வளவு எளிய பொருள்! ஆனால் அது சொல்லும் செய்தி எவ்வளவு பெரிது! "இந்த இயந்திரம் உன்னுடையது. நீயே கழற்றலாம், நீயே மாட்டலாம். உன்னால் முடியும். இதோ சாவி!" என்று உழவனிடம் சொல்லிக் கொடுத்த கருவி அது.

பெர்குசனை அறப்பெருந்தகையாக்க நான் முனையவில்லை. அவரும் முதலாளிதான், தம் காப்புரிமையைக் கண்ணுங்கருத்துமாகக் காத்தவர்தான். 1938-ல் ஹென்றி போர்டோடு கைகுலுக்கி, எழுத்தில் எதுவுமில்லாமல் ஓர் ஒப்பந்தம் செய்தார். போர்டின் பேரர் நிர்வாகத்துக்கு வந்து அந்த ஒப்பந்தத்தை முறித்தபோது, வழக்குத் தொடுத்துப் போராடி, 1952-ல் 92.5 லட்சம் டாலர் பெற்றார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் போட்ட பூட்டு போட்டி முதலாளிக்கு எதிராகப் போட்டது. வாங்கிய உழவனுக்கு எதிராகப் போட்டதல்ல.

துருவோடு ஒரு போர்

அந்தச் சாவி இன்றும் பயன்படுவதால்தான் கொட்டகையிலே கிடந்த பிணம் உயிர் பெறுகிறது. எப்படி?

எஞ்சின் இறுகிக் கிடந்தால் அவசரக்காரன் சம்மட்டியை எடுப்பான். அனுபவசாலி எண்ணெய்க் குப்பியை எடுப்பான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிடுவான். பிறகு மெல்ல, மிக மெல்ல, முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பான். ஒரு மயிரிழை அசைந்தாலும் வெற்றி! அடுத்து, பெட்ரோல் தொட்டியிலே படிந்த துருவை அலசுவான். கார்புரேட்டரைப் பிரித்து, ஊசித்துளைகளில் அடைத்த அழுக்கை ஊதி எடுப்பான். எலி கடித்த கம்பிகளை மாற்றுவான். ரேடியேட்டரில் ஒழுக்கை அடைப்பான். லட்சக்கணக்கில் ஒரே அச்சாகச் செய்த வண்டியாதலால், தேய்ந்த உறுப்புகளுக்கு ஈடாகப் புதியவற்றை இன்றும் செய்து விற்கிறார்கள்.

பிறகு வரும் அந்த நாள். கியர்க் கம்பியைத் தனியே அதற்கென்று உள்ள இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும்; வண்டி கியரில் இருக்கும்போது தவறியும் கிளம்பிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. தள்ளுகிறார். ஒரு இருமல். ஒரு புகை. இன்னொரு இருமல். பிறகு சீரான துடிப்பு! பெருமூச்சு விட்ட மனைவியும் வாசலுக்கு வந்து சிரிக்கிறார்.

வண்ணம் பூசிக் கண்ணாடிக் கூண்டில் வைப்பதற்கா இவ்வளவும்? அல்ல. உழுகிறார்கள்! கிராமந்தோறும் நடக்கும் உழவுப் போட்டிகளிலே பழைய டிராக்டர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பரிசு வேகத்துக்கல்ல. முதற்சால் நேராக ஓடியதா, ஆழம் ஒரே சீராக இருக்கிறதா, புல் முழுதும் மண்ணுக்குள் புரண்டதா, இறுதிச்சால் செம்மையாக முடிந்ததா என்று நடுவர்கள் நடந்து பார்க்கிறார்கள். இயந்திரத்தை மட்டுமல்ல; உழவனின் கண்ணையும் கையையும் அளக்கும் போட்டி அது.

பானர் லேனில் டிராக்டர் செய்வது 2002-ல் நின்றது. தொழிற்சாலை போயிற்று. அதிலே வியர்வை சிந்திய தொழிலாளி ஈன்ற இரும்பு இன்னும் உழுகிறது!

பூட்டிய இரும்பு

இப்போது மறுபக்கம் பாருங்கள். இன்றைய பெரிய டிராக்டர் ஒரு விந்தை. குளிரூட்டிய அறை, செயற்கைக்கோள் காட்டும் வழியில் நேர்கோடு, நூற்றுக்கணக்கான உணர்கருவிகள். வரவேற்கிறோம்! ஆனால், ஏதோ ஓர் உணர்கருவி பழுதாகி வண்டி நின்றுவிட்டால்? ஸ்பேனரால் உறுப்பை மாற்றிவிடலாம். ஆனால் மாற்றிய உறுப்பை வண்டியின் கணிப்பொறி ஏற்கவேண்டுமே! அதற்குரிய மென்பொருள் கம்பெனியின் முகவரிடம் இருக்கிறது. அவர் வரும்வரையில் அறுவடைக்கு நிற்கும் பயிர் காத்திருக்குமா? மழை காத்திருக்குமா?

அமெரிக்க உழவர்கள் இதற்கு இரண்டு விடை கண்டார்கள். ஒன்று, பழைய டிராக்டரைத் தேடி ஓடினார்கள். 1979-ல் செய்த ஜான் டீர் டிராக்டர் ஒன்று ஏலத்தில் 61,000 டாலருக்குப் போனதாக 2020-ம் ஆண்டுத் தொடக்கத்தில் மின்னசோட்டா மாநிலச் செய்தித்தாள் எழுதிற்று. காட்சிக்கு வாங்கவில்லை, உழுவதற்கே வாங்கினார்கள்!

இரண்டாவது விடை, போராட்டம். சொந்த டிராக்டரைப் பழுதுபார்ப்பதற்காக அதன் மென்பொருள் பூட்டைத் திறப்பது குற்றமாகாது என்று 2015-ல் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் விலக்குப் பெற்றார்கள். 2023-ல் கொலராடோ மாநிலம், பண்ணைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிற்று. 2024 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில், அமெரிக்க அரசின் வணிக ஆணையமே, இல்லினாய், மின்னசோட்டா மாநிலங்களோடு சேர்ந்து, பழுதுபார்ப்பைத் தன் முகவர் கையிலேயே முடக்குவதாகக் குற்றம் சாட்டி, ஜான் டீர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது.

கம்பெனிகளும் சமாதானம் சொல்கின்றன. "பூட்டைத் திறந்துவிட்டால் புகைக் கட்டுப்பாட்டைக் கெடுப்பார்கள், பாதுகாப்பு ஏற்பாட்டைக் கழற்றுவார்கள்" என்கின்றன. அந்தக் கவலையில் பொருளில்லை என்று தள்ள மாட்டேன். ஆனால், ஒருவன் தவறு செய்யக்கூடும் என்பதற்காக, எல்லோர் வீட்டுச் சாவியையும் கடைக்காரன் வைத்துக்கொள்வதா?

பழமை பாடவில்லை

"அப்படியானால் பழைய வண்டிக்கே திரும்புவோம் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை! சாம்பல் நிறக் குட்டிக்குக் கூரை இல்லை. கொட்டும் மழையிலும் கொடும் பனியிலும் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓட்டினார்கள். பக்கவாட்டில் உருண்டால் காக்க ஒரு கம்பிகூட இல்லை. புதிய டிராக்டர்களுக்குப் பாதுகாப்புக் கூண்டு கட்டாயம் என்று பிரிட்டனில் விதி வந்தது 1970-ல்தான். அதற்கு முன் மாண்டவர்களை மறந்துவிட்டுப் பழமையின் அழகைப் பாடுவது அறமாகாது. முன்னேற்றம் வேண்டும். ஆனால் முன்னேற்றம் வரும்போது, உரிமை பின்வாசல் வழியே போய்விடக் கூடாது.

இது ஏதோ கடல் கடந்த கதை என்று இருந்துவிட வேண்டாம். பெர்குசன் கம்பெனி 1953-ல் மாஸி ஹாரிஸ் கம்பெனியோடு இணைந்தது. பின்னர் மாஸி பெர்குசன் ஆயிற்று. அதன் கூட்டுறவோடு 1960-ல் சென்னையிலே டாபே நிறுவனம் தோன்றிற்று. நம் ஊர் வயலில் உழும் டிராக்டரின் பின்புறம் போய்ப் பாருங்கள். எந்தக் கம்பெனி வண்டியானாலும் சரி. கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை! அந்த அயர்லாந்து உழவன் மகனின் சிந்தனைதான் நம் மண்ணையும் உழுகிறது.

நம் நாட்டிலே டிராக்டர் எளிதில் ஓய்வு பெறுவதில்லை. உழுது தேய்ந்தால் டிரெய்லர் இழுக்கும். அதுவும் தேய்ந்தால் தண்ணீர்த் தொட்டி இழுக்கும். சாலையோரப் பட்டறையில், எண்ணெய்க் கறை படிந்த கால்சட்டையோடு நிற்கும் இளைஞன் அதற்கு மீண்டும் மீண்டும் உயிர் கொடுக்கிறான். அவனுக்குச் சங்கமில்லை, கண்காட்சியில்லை, கோப்பையில்லை. இங்கிலாந்து முதியவர் பொழுதுபோக்காகச் செய்வதை அவன் பிழைப்பாகச் செய்கிறான். நாளை நம் வயலுக்கும் கணிப்பொறி பொருத்திய வண்டிகள் பெருகி வரும், வரட்டும். அன்றைக்கு அந்த இளைஞனின் கை கட்டப்படுமா, கட்டப்படாதா? இதை இன்றே கேட்கவேண்டும். வாங்குகிற உழவர் விலையைக் கேட்பதோடு நிற்காமல், "பழுதானால் திறக்கும் சாவி யார் கையில்?" என்றும் கேட்கவேண்டும். சட்டம் செய்வோரும் கேட்கவேண்டும்.

கொட்டகையிலிருந்து துருவைத் தூக்கிப்போன அந்த முதியவரைப் பார்த்து இனி நான் சிரிக்கமாட்டேன். அவர் காப்பாற்றுவது பழைய இரும்பை மட்டுமல்ல. வாங்கியவனே திறக்கலாம், திறந்தவனே திருத்தலாம் என்றிருந்த ஒரு காலத்தின் சாட்சியைக் காப்பாற்றுகிறார். அந்தச் சாட்சி வழக்கு மன்றத்துக்கு வெளியே, வயலிலே நிற்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது!