மூச்சை எண்ணும் தாய்மார்

ஒக்கலிபுரத்துச் சந்து ஒன்றில் இரவு பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தாய் கலங்குவாள். ஆயினும் நம்பிக்கை இழக்கமாட்டாள். பெங்களூரு நகரின் நடுவே, ரயில் நிலையத்தை அடுத்துள்ள அப்பகுதியிலிருந்து சற்று நேரத்தில் ஒரு மருத்துவமனையை அடைந்துவிடலாம். அவளுடைய தங்கையோ, காலையில் ஒரு பஸ்ஸும் மாலையில் ஒரு பஸ்ஸும் மட்டுமே வந்து போகும் சொந்த ஊரில் வசிக்கிறாள் என்று கொள்வோம். அவள் குழந்தைக்கும் அதே இரவில் அதே காய்ச்சல். நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே, இடையிலுள்ள தூரந்தான் வேறு. கிராமத்துக் குழந்தைகள் பலரின் உயிரைக் கவர்வது நோய் மட்டுமன்று, இந்தத் தூரமும் ஆகும். அதனைக் குறைக்கும் வழி யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

குழந்தைகளை வாட்டும் காய்ச்சல்களுள் மலேரியாவும் நிமோனியாவும் முக்கியமானவை. மலேரியா கொசுவினால் பரவுவது. இதனை நிரூபித்த ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் 1883-இல் பெங்களூரில் பணியாற்றினார். தம் ஜன்னலருகே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுக்கள் பெருகுவதைக் கண்டு, அதைக் கவிழ்த்துக் கொட்டச் செய்தார், கொசுக்களும் குறைந்தன. பின்னர் 1897-இல் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். நிமோனியா என்பது நுரையீரலைப் பற்றும் நோய். இரண்டிலும் காய்ச்சல் உண்டு. மலேரியாக் குழந்தைக்கும் சில வேளை இருமலும் வேக மூச்சும் காணும். ஆதலின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்தறிய இயலாது.

பிரித்தறியும் முறை கடினமானதன்று. மலேரியாவுக்கு விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும்; சிறு சோதனைப் பட்டை கால்மணி நேர அளவில் விடை கூறிவிடும். நிமோனியாவுக்கு மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிறைந்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை நிமிஷத்திற்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், அது வேக மூச்சு. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் இந்த அளவு 40. இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60. குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாயிருக்கும் வேளையில், ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுதல் வேண்டும்.

இவ்வளவு எளிய காரியத்தைக் கிராமத்தாரே செய்தால் என்ன? இவ்வினாவிற்கு விடை கண்ட இடம் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம். காடு சூழ்ந்த அம்மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்னும் டாக்டர் தம்பதியர் 1986-இல் குடியேறினர். கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்கும், பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளுக்கும் நிமோனியாவைக் கண்டறிந்து மருந்து கொடுக்கப் பயிற்சி அளித்தனர். எழுத்தறியாத மருத்துவச்சி ஐம்பது வரை எண்ணுவது எப்படி? அதற்கென ஒரு மரச்சட்டம் அமைத்தனர். அதில் ஒரு நிமிஷ மணற்கடிகையும், வயதுக்கேற்ப இரு வரிசை மணிகளும் இருந்தன. பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் அது வேக மூச்சு.

இப்பயிற்சி பெற்றவை 58 கிராமங்கள்; ஒப்பிட்டு நோக்க 44 கிராமங்கள். முடிவு 1990-இல் வெளியாயிற்று. ஒப்பீட்டுக் கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட ஆயிரம் குழந்தைகளுக்கு 17.5 பேர் நிமோனியாவால் இறந்தனர். பயிற்சி பெற்ற கிராமங்களில் 8.1 பேர். பாதிக்கு மேல் குறைவு!

“படிப்பறியாதவர் கையில் மருந்தைக் கொடுக்கலாமா?” என்ற ஐயம் அன்றும் எழுந்தது, இன்றும் எழக்கூடும். அது புறக்கணிக்கத்தக்கதன்று. அளவு தவறிய மருந்து தீங்கு செய்யும். தேவையின்றிக் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகும். ஆகவேதான் இம்முறையில் எல்லை வகுத்திருக்கிறார்கள். ஊழியர் எண்ணிப் பார்த்து, விதிக்குட்பட்டதற்கு மட்டும் மருந்து தருவார். விதியை மீறிய நோயை மருத்துவமனைக்கு அனுப்புவார். மருந்து தீராமல் வந்து சேர்வதும், மேலதிகாரிகள் அடிக்கடி வந்து பார்ப்பதும் இன்றியமையாதன. அவை தவறினால் திட்டம் பெயரளவில் நின்றுவிடும்.

இவ்வழி இன்று பரவியிருக்கிறது. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதாரத் திட்டத்தில் ஆஷா என்னும் பெண் ஊழியர்கள் கிராமந்தோறும் அமர்த்தப்பட்டனர். 2012-இல் உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு மூன்றையும் கிராமத்திலேயே ஒருங்கே கவனிக்குமாறு பரிந்துரைத்தன. ஒடிசாவில் 2016-இல் நான்கு லட்சத்திற்கு மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது. மருந்தூட்டிய கொசுவலைகள் வழங்கப்பட்டன; எட்டாத மலைக் கிராமங்களில் வீடுவீடாகச் சோதனை நடந்தது; ஆஷாக்கள் ஊரிலேயே மருந்து தந்தனர். 2018-இல் எண்ணிக்கை எழுபதாயிரத்திற்குள் அடங்கிற்று.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் என்ன பங்கு? நம்முள் பலர் குழந்தையைப் பாட்டியிடம் ஊரில் விட்டு வந்திருக்கிறோம். சிலர் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே குடிசையில் வைத்து வளர்க்கிறோம். ஊரிலிருந்து தொலைபேசியில் “காய்ச்சல்” என்றால், “மருந்து கொடுத்தாயா?” என்பதற்கு முன் “மூச்சை எண்ணினாயா?” என்று கேட்போமாக. மார்பின் அடிப்பகுதி உள்வாங்குதல், பால் அல்லது நீர் குடிக்க இயலாமை, உண்டதெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சலோ வேக மூச்சோ கண்டால் உடனே செல்ல வேண்டும். மீந்த மாத்திரையைத் தேடி எடுத்துக் கொடுத்தல் கூடாது.

இங்குள்ள ஆஷா ஊழியர் கன்னடத்தில் வினவினால் தயங்க வேண்டா. ‘ஜ்வர’ என்பது காய்ச்சல். ‘கெம்மு’ என்பது இருமல். ‘உசிரு’ என்பது மூச்சு. நம் வீட்டுப் பேச்சில் உசிரு என்றால் உயிர். ஒரு நிமிஷம் அமர்ந்து மூச்சை எண்ணும் தாய், உண்மையில் உயிரையே காத்து நிற்கிறாள்.