ஒன்பதே காலுக்கு வந்த 'ஆனால்'

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள். ரேடியோ மூன்று வீட்டில் இருந்தது; சிற்றலையைத் தெளிவாக எடுப்பது எங்களுடையது மட்டும். தொண்ணூறுகளின் நடுவில் டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மின்சாரம் ஸ்டோரோடும் துரை பங்களாவோடும் நின்றிருந்தது. லயத்தில் குப்பி விளக்குதான். ரேடியோவுக்கு நான்கு பெரிய பேட்டரி. அவை ஓயத் தொடங்கியதும் அம்மா அடுப்புத் திண்டில் வரிசையாக அடுக்கிவைப்பார். மற்ற ஊர்களில் வெயிலில் வைப்பார்களாம்; மலையில் வெயிலை நம்பி மிளகாய்கூடக் காயப்போட முடியாது. சூடேறிய பேட்டரி இன்னும் இரண்டு மூன்று இரவு தாங்கும். அந்த இரவுகளைப் பாட்டுக்குச் செலவழிக்க அப்பா விடமாட்டார். அவை பிபிசி தமிழோசைக்கு.

இப்போது அதே லயத்தில் காம்பராவுக்கு இரண்டு கைபேசி. அரசியல்வாதிகள் நினைத்த நேரத்தில் பேசுகிறார்கள், மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு நிமிடம் கேட்ட குரலை இன்று நாள் முழுவதும் கேட்கலாம்.

பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம் தொடங்கியது. நான் அறிந்த காலத்தில் அது இரவு ஒன்பதே காலுக்கு வரும், அரை மணி நேரம். 1996இல் மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தையே முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணி, சில மாதங்களில் அதைக் குறைத்து அரை மணி. லண்டன் தன் நேரத்திலேயே இருந்தது. அதனால் 2006 ஏப்ரலில் பழைய நேரம் திரும்பும்வரை எங்களுக்குத் தமிழோசை ஒன்பதே முக்காலுக்கு. விடியுமுன் எழுந்து, பெயர் பதியும் பிரட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்த அரை மணி பெரிது. ஆனாலும் பத்தே கால்வரை எங்கள் வீட்டு முன்தாழ்வாரத்தில், இஸ்தோப்பில், ஆள் இருக்கும். ஆண்கள் ரேடியோவைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். பெண்கள் உள்ளே, அடுப்படியிலிருந்து, சுவர் வழியாகக் கேட்பார்கள். அவர்களுக்குக் கேட்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை.

பாட்டுக்கும் மரண அறிவித்தலுக்கும் தேர்தல் இரவின் முடிவுகளுக்கும் இலங்கை வானொலி, அரசியலுக்கு லண்டன். எழுதாத பிரிவினைதான், ஆனால் எல்லாருக்கும் தெரியும். அரசாங்க வானொலியில் எதிர்க்கட்சிக்காரரின் குரல் வந்தால் அவர் கட்சி மாறிவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கேட்பவருக்கும் உரிமை உண்டு என்று இந்த நாட்டில் ஒரு தீர்ப்பே இருக்கிறது: இலங்கை வானொலி நடத்திய முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று 1995இல் திடீரென நிறுத்தப்பட, அதில் பங்கெடுத்துவந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் போனார், அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டது என்று 1996இல் நீதிமன்றம் சொன்னது. அந்தச் செய்தி எங்கள் லயத்துக்கு வந்ததாக நினைவில்லை. நான் அதைப் படித்தது வெகுகாலம் கழித்து, ஒரு நூலகத்தில்.

மலையகத்தில் 'எதிர்க்கட்சி' என்ற சொல்லுக்கு ஒரு தனிக்கதை உண்டு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளை, இப்படி ஏழு பேர். அடுத்த ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத்தார் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1952இல் அந்த ஏழில் ஒன்றுகூட இல்லை. எதிர்த்துப் பேச ஆள் இல்லை என்பதைவிட, எதிர்த்துப் பேசுகிறவரைத் தேர்ந்தெடுக்க ஆள் இல்லை. 1977இல் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் மறுபடி வென்றார்; 1978இல் அமைச்சரானார்; 1999 ஒக்டோபரில் இறக்கும்வரை, ஆட்சி மாறியபோதும் அமைச்சராகவே இருந்தார். அமைச்சரவைக்குள் இருந்து கேட்டு வாங்குவதுதான் அவர் வழி. அதனால் கிடைத்தவை உண்டு. குடியுரிமை விவகாரத்தில் அந்த வழி எவ்வளவு தூரம் கொண்டுபோனது என்பதை யாரும் மறுக்க முடியாது. 1994இல் மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரன் சுயேச்சையாக வென்று வந்தபோது, சந்திரிகா குமாரதுங்கவின் கூட்டணிக்குத் துணைக்கட்சியோடு சேர்த்து 112 ஆசனம், பெரும்பான்மைக்கு 113 வேண்டும். அந்த ஒன்று அவர்தான். அவரும் பிரதி அமைச்சரானார். மலையில் எதிர்க்கட்சி என்பது பஸ் வரும்வரை நிற்கிற தரிப்பிடம் மாதிரி என்று அப்பா சொல்வார்.

ஆகவே ஓர் எதிர்க்கட்சி அரசியல்வாதியைத் தொடர்ந்து வானொலியில் கேட்கும் பழக்கம் எங்களுக்குக் கொழும்பு உறுப்பினர் ஒருவரால்தான் வந்தது. மனோ கணேசன் 2001இல் கொழும்பிலிருந்து தெரிவானவர். அவருடைய தந்தை வி. பி. கணேசன் தொழிற்சங்கவாதி, 'புதிய காற்று' படத்தின் நாயகர். அந்தப் பெயர் மலைக்குப் பழக்கம். 2006-07 காலத்தில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் மலையக மக்கள் முன்னணியும் மகிந்த ராஜபக்ச அரசில் சேர்ந்துவிட்டன. அதே காலத்தில் கொழும்பில் வெள்ளை வேன் கடத்தல்கள். மனோ கணேசனும் சிலரும் மக்கள் கண்காணிப்புக் குழு என்று ஒன்றை அமைத்துக் காணாமல் போனவர்களின் பட்டியலைத் திரட்டினார்கள். அந்தக் குழுவில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த நாட்களின் பேட்டிகளை அரசியல் பேட்டி என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் லயத்திலிருந்து மட்டும் நான்கு பையன்கள் கொழும்பில் கடைகளில் நின்றார்கள். 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர்களைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றியபோதும், அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோரைச் சுற்றிவளைத்துப் பிடித்து, நூற்றுக்கணக்கானோரைப் பூசா தடுப்பு முகாமுக்கு அனுப்பியபோதும், எந்தத் தெரு, எத்தனை பேர், அடையாள அட்டையில் எந்த ஊர் என்று இஸ்தோப்பில் மூச்சுவிடாமல் கேட்டோம். பொகவந்தலாவை, மஸ்கெலியா முகவரி உள்ள பையன்களும் பிடிபட்டவர்களில் இருந்தார்கள். குடும்பச் செய்தி எங்களுக்கு ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரின் வாயால், லண்டனைச் சுற்றிக்கொண்டு வந்தது. கொழும்பு எங்களிடமிருந்து எண்பது மைல்.

அந்தப் பேட்டிகளின் அமைப்பு இன்றும் காதில் இருக்கிறது. செய்தியாளர் ஒரே வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்வார். தொலைபேசிக் கம்பியின் இரைச்சலோடு பதில் வரும். பதில் முடியும், அல்லது முடிவதாக உறுப்பினர் நினைப்பார். அப்போது லண்டன் குரல், சத்தம் உயராமல், "ஆனால்" என்று தொடங்கும். ஆனால் அரசாங்கம் இப்படிச் சொல்கிறதே. ஆனால் நீங்கள் போன மாதம் வேறு மாதிரிச் சொன்னீர்களே. அந்த ஒரு சொல்லுக்கு இஸ்தோப்பில் எல்லாரும் ரேடியோவை நோக்கிச் சற்றே குனிவார்கள். எங்களுக்குப் பிடித்தவரிடமும் அந்தக் கேள்வி வந்தது. பிடித்தவரானால் கொஞ்சம் கோபமாகவும் இருக்கும். மறுநாள் பிரட்டுக்களத்தில் பேச்சு அவருடைய முதல் பதிலைப் பற்றி இருக்காது. 'ஆனால்' வந்த பிறகு என்ன சொன்னார் என்பதுதான் பேச்சு.

எதிர்க்கட்சிக் குரலை நிறுத்தும் வழி அன்று ஒரு பொத்தானில் இருந்தது. தமிழோசை பிற்பாடு இலங்கை வானொலியின் பண்பலையிலும் மறு ஒலிபரப்பானது. இரைச்சல் இல்லாமல் கேட்டோம். அந்த வசதிதான் பிடி கொடுத்தது. 2009 பெப்ரவரியில், வன்னியில் போர் இறுதிக்கு வந்தபோது, நிகழ்ச்சிகள் இடையில் வெட்டுப்படுகின்றன என்று கூறி பிபிசி தன் ஒலிபரப்பை இலங்கை வானொலிக்குக் கொடுப்பதை நிறுத்தியது. பிறகு மீண்டது. 2013 மார்ச்சில், ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த நாட்களில், தமிழ் நிகழ்ச்சி மறுபடி துண்டிக்கப்பட, மறுபடி நிறுத்தியது. எங்கள் வீட்டில் பழைய சிற்றலைப் பெட்டியைத் தூசு தட்டி எடுத்தோம். இரைச்சலோடு வந்த குரல் முழுதாக வந்தது.

இதற்கிடையில் 1998இல் சக்தியும் சூரியனும் பண்பலையில் பேச ஆரம்பித்திருந்தன. தனியார் வானொலி பாட்டும் கும்மாளமும்தான் என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் காலையில் சூரியனின் 'விழுதுகள்' போன்ற நிகழ்ச்சிகளில் அரசியல்வாதிகளைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்கும் வழக்கம் ஊன்றியது. அரசாங்கக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் ஒரே காலையில் வந்தார்கள். சக்தி தொலைக்காட்சியில் 'மின்னல்' நடத்திய ஜெ. ஸ்ரீரங்கா மலைவீடுகளில் வேட்பாளரைவிடத் தெரிந்த முகமானார். 2010 பொதுத் தேர்தல் ஒரு விசித்திரம். மனோ கணேசன் கொழும்பை விட்டு மலைக்கு வந்து கண்டியில் நின்றார், தோற்றார். ஸ்ரீரங்கா நுவரெலியாவில் நின்றார், வென்றார். இத்தனை ஆண்டு பதில் சொன்னவர் வெளியே; கேள்வி கேட்டவர் உள்ளே.

தமிழோசையின் வானொலி 2017 ஏப்ரல் 30ஆம் தேதி நின்றது. 76 ஆண்டு. அப்பா அன்று இரவு வழக்கம்போல் உட்கார்ந்தார். முடிந்ததும் ரேடியோவை அணைத்து மேலே வைத்தார், எதுவும் சொல்லவில்லை. அப்போது மனோ கணேசன் அமைச்சர். 2015இல் பழனி திகாம்பரம், வே. இராதாகிருஷ்ணன் ஆகியோரோடு அமைத்த தமிழ் முற்போக்குக் கூட்டணி ஆட்சியில் பங்காளி. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையைத் தொடர்ந்து அந்த அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் வைபரையும் சில நாட்கள் அடைத்தது. அன்று வானொலியில் விழுந்த அதே பொத்தான், இடம் மாறியிருந்தது. வெறுப்பைப் பரப்பியவர்களைத் தடுக்க வேண்டியிருந்தது என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும், ஒரு காலத்தில் எங்கள் இஸ்தோப்பில் ஒலித்த குரலிடம் அந்த வாரம் யாராவது 'ஆனால்' என்று தொடங்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க ஆசையாக இருந்தது.

2019 இறுதியில் மனோ கணேசன் மறுபடி எதிர்க்கட்சி. 2024 தேர்தலில் நுவரெலியாவின் எட்டு ஆசனங்களில் ஐந்து தேசிய மக்கள் சக்திக்கு, இரண்டு ஐக்கிய மக்கள் சக்திக்கு, யானைச் சின்னத்தில் ஒன்று. பழைய தொழிற்சங்கப் பெயர்கள் சிறுபான்மையாகிவிட்டன. எதிர்க்கட்சியில் இருப்பது இப்போது மலைக்குத் தரிப்பிடமாக இல்லை. கொஞ்சகாலம் குடியிருக்க வேண்டிய வீடாகத் தெரிகிறது. அதில் பேசுவதற்கு வானொலி நிலையம் தேவைப்படவில்லை. உறுப்பினர் காரில் உட்கார்ந்து கைபேசியை எதிரே வைத்தால் போதும். வெட்டுவார் இல்லை, நேரக்கட்டுப்பாடு இல்லை.

கிடைத்ததைக் குறைத்துச் சொல்லக்கூடாது. அன்று பேசியது காற்றோடு போனது. எதிர்க்கட்சியில் இருந்தபோது சொன்னதை அமைச்சரான பிறகு எடுத்துக்காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. 2013 ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்கூலி 450 ரூபாய், 2016இல் 500, 2019இல் 700, 2021இல் வர்த்தமானியில் படியோடு சேர்த்து 1,000 என்று அந்தக் கணக்கு ஏறியபோது யார் எந்தப் பக்கம் இருந்து என்ன சொன்னார் என்பதை இன்று பதினெட்டு வயதுப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் தேடி எடுத்து, பழைய முகத்தையும் புதிய முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறாள். அது ஒருவகை 'ஆனால்'தான். என்ன, பேசியவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் இப்போது காதில் மாட்டிக்கொண்டு நேராகவே கேட்கிறார்கள்.

போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தபோது சித்தியோடு மலைக்கு ஏறினேன். தேத்தண்ணி நேரம். வரம்போரம் உட்கார்ந்து கைபேசியைக் கொழுந்துப் பையின் மேல் சாய்த்து வைத்தார். ஓர் உறுப்பினர் 2026 வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்: 1,350 ரூபாய் நாட்கூலி 1,550 ஆகிறது, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 சேர்க்கிறது, மொத்தம் 1,750. எதிரே யாரும் இல்லாததால் அவர் நிறுத்தவில்லை. இருபது நிமிடம் ஓடியிருக்கும். சித்தி ரொட்டியை மென்றுகொண்டே கைபேசியைப் பார்த்துச் சொன்னார்: "அது சரிங்கய்யா. ஆனா கிலோ கொறஞ்சா அரைப்பேருன்னு அரைநாள் சம்பளம் போடுறாங்களே, அன்னிக்கும் அந்த இருநூறு வருமா?"

அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கீழே தராசுக்காரர் கூப்பிடும் சத்தம் கேட்டது. சித்தி கைபேசியை அணைக்காமலே மடியில் செருகிக்கொண்டு, பையைத் தலையில் மாட்டி இறங்கினார்.