இன்று கடன், நாளை ரொக்கம்

பெரிய அங்காடித் தொடர் ஒன்று தம் சரக்கை எடுத்துக்கொள்ள இசைந்துவிட்டது என்று சிறு உற்பத்தியாளர் ஒருவர் சொல்ல வரும்போது அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிவது இயல்பே. கடன் பிரிவில் அமர்ந்திருக்கும் எங்களுக்கோ அடுத்த கேள்வி நாவில் நிற்கும்: பணம் எத்தனை நாளில் வரும்? தெருமுனை மளிகைக் கடைகளில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். பேரங்காடிகளின் கொள்முதலில் அந்தப் பலகை தலைகீழாகத் தொங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மசாலாப் பொடி தயாரிக்கும் ஒருவர் மாதம் 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 45 நாளில் பணம் வந்தால், எந்த நேரத்திலும் வெளியே நிற்கும் தொகை 15 லட்சம். அதுவே 105 நாளானால் 35 லட்சம். கூடுதலாக முடங்கிய 20 லட்சத்துக்கு ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டி என்றால் 2 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். அவருடைய ஆண்டு விற்பனை 1 கோடியே 20 லட்சம். அதில் நிகர லாபம் 4 விழுக்காடு என்று கொண்டால் 4 லட்சத்து 80 ஆயிரம். அறுபது நாள் தாமதம் லாபத்தில் ஏறக்குறையப் பாதியை விழுங்கிவிடுகிறது.

இதில் வேறொரு சங்கடமும் உண்டு. நடைமுறை மூலதனக் கடனில், 90 நாளைக் கடந்த பாக்கிகளை வங்கிகள் பொதுவாகக் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே, பணம் மிகவும் தேவைப்படும் அதே வேளையில், ‘டிராயிங் பவர்’ என்று நாங்கள் குறிப்பிடும் எடுக்கத்தக்க தொகை சுருங்கிவிடுகிறது. தாமதிப்பவர் வாங்கியவர், கையைப் பிசைந்துகொண்டு வங்கிக்கு வருபவர் விற்றவர்.

தாமதம் மட்டுமே குறையன்று. விற்காமல் காலாவதியான சரக்கு, கடையில் காணாமற்போன சரக்கு, வாரயிறுதித் தள்ளுபடியின் செலவில் ஒரு பங்கு, கண்மட்டத்து அலமாரியில் இடம் பெறுவதற்கான கட்டணம் என்று பல பெயர்களில் ‘டெபிட் நோட்’ வந்து சேரும். வரவேண்டிய தொகையில் அது கழியும். ஒப்பந்தத்தில் முன்னரே எழுதிய கழிவைப் பற்றி எவரும் குறை சொல்ல இயலாது. சரக்கு விற்று மூன்று மாதம் ஆன பின், அன்றைய விலைக்கே பின்தேதியிட்டுக் கழிவு கேட்பதுதான் வழக்காகிறது.

இவற்றைத் தடுக்கப் போட்டிச் சட்டம் இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். நம் நாட்டின் போட்டிச் சட்டம், 2002 தன் 4ஆம் பிரிவில் சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. ஆனால் முதலில் அந்த நிறுவனம் உரிய சந்தையில் ஆதிக்கம் உடையது என்று நிலைநாட்ட வேண்டும். மளிகை வணிகத்தின் பெரும்பகுதி இன்றும் சிறுகடைகளின் கையில் இருக்கும் நாட்டில், எந்தப் பேரங்காடித் தொடரும் அந்த அளவுகோலில் ஆதிக்க நிறுவனமாகத் தேறுவது கடினம். தம் உற்பத்தியில் அறுபது விழுக்காட்டை ஒரே நிறுவனத்துக்கு அனுப்பும் ஊறுகாய்த் தயாரிப்பாளருக்கு அந்த நிறுவனமே சந்தை. சட்டம் பார்க்கும் சந்தை வேறு. அவர் பார்க்கும் சந்தை வேறு.

இந்த இடைவெளியை நேராக அடைக்க முயன்ற நாடு பிரிட்டன். அங்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகவே காணலாம். ஏனெனில் முதல் முயற்சி தோற்ற விதத்தில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2000ஆம் ஆண்டில் பேரங்காடிகளைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை அளித்தது. அதன் விளைவாக 2002இல் டெஸ்கோ, செயின்ஸ்பரி, ஆஸ்டா, சேஃப்வே ஆகிய நான்கு பெரிய நிறுவனங்களுக்கு நடத்தை விதிகள் வகுக்கப்பட்டன. விதிகள் இருந்தன, முறையீடுகள் வரவில்லை. 2004இல் அதை ஆராய்ந்த நியாய வணிக அலுவலகம் கண்ட காரணம் எளியது: வழங்குநர்கள் அஞ்சினார்கள். முறையிட்டவரின் சரக்கு அடுத்த மாதம் அலமாரியில் இராது என்ற அச்சம் அது. புகார் இல்லாததைக் குறை இல்லாததாக எடுத்துக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

2008இல் போட்டி ஆணையம் மீண்டும் ஆய்ந்தது. 2010 பிப்ரவரியில் மளிகை வழங்கலுக்கான புதிய விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. மளிகை விற்பனை ஆண்டுக்கு 100 கோடி பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள், அன்றைய நிலையில் பத்து, அதற்குக் கட்டுப்பட்டன. (அமேசான் 2022இல் இந்த வரிசையில் சேர்ந்தது.) ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பின்தேதியிட்டு நிபந்தனைகளை மாற்றக் கூடாது, உரிய காலத்தில் பணம் தர வேண்டும், கடையில் நேரும் திருட்டு இழப்பை வழங்குநர் தலையில் கட்டக் கூடாது, உண்மையான வணிகக் காரணமும் நியாயமான முன்னறிவிப்பும் இன்றிச் சரக்கை நிறுத்தக் கூடாது. இவையே அதன் முக்கியக் கூறுகள்.

அச்சத்துக்கு மருந்து 2013இல் இயற்றப்பட்ட மளிகை விதித்தொகுப்பு நடுவர் சட்டத்தில் கிடைத்தது. வழங்குநரின் ஒப்புதல் இல்லாமல் அவர் யாரென்று வெளியிட நடுவருக்கு உரிமை இல்லை. பல வழங்குநர்களிடமிருந்து கிடைத்த தகவலைத் திரட்டி, தாமே விசாரணையைத் தொடங்கலாம். அலுவலகச் செலவைப் பேரங்காடிகளே தீர்வையாகக் கட்ட வேண்டும். முதல் நடுவராக கிறிஸ்டின் டேக்கன் அமர்ந்தார்.

அவருடைய முதல் விசாரணை டெஸ்கோ மீது. 2014 செப்டம்பரில் அந்நிறுவனம் தன் லாபத்தை ஏறத்தாழ 25 கோடி பவுண்டு மிகையாகக் காட்டியிருந்ததாக அறிவித்துப் பங்குச் சந்தையை அதிரவைத்தது. அந்த மிகைக்கும் வழங்குநர்களிடமிருந்து வரவேண்டியதாகக் காட்டிய தொகைகளுக்கும் தொடர்பு இருந்தது. 2015 பிப்ரவரியில் தொடங்கிய விசாரணையின் அறிக்கை 2016 ஜனவரியில் வெளியாயிற்று. வழங்குநர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை டெஸ்கோ தாமதித்தது கடுமையான விதிமீறல் என்று அது கூறியது. பல லட்சம் பவுண்டு பாக்கிக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருந்தவர் உண்டு. 20 லட்சம் பவுண்டுக்கு இரண்டாண்டு காத்திருந்தவரும் உண்டு. விலையைக் கணினியில் தவறாகப் பதிந்தது, ஒரே கழிவை இரு முறை பிடித்தது என்று பிழைகள் பல. பிழைகளை மன்னித்துவிடலாம். ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு லாப இலக்கை எட்ட வேண்டும் என்பதற்காகவே, இன்ன தேதிக்கு முன் பணம் தர வேண்டாம் என்று உள் மின்னஞ்சல்கள் போயிருந்தன. காலாண்டுக் கணக்கை அழகுபடுத்துவதற்கான செலவை வழங்குநர் ஏற்றிருக்கிறார். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் அதுவே.

டெஸ்கோவுக்கு அபராதம் இல்லை. உள்நாட்டு விற்பனையில் ஒரு விழுக்காடு வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் நடுவருக்கு 2015 ஏப்ரலில்தான் கிடைத்தது. மீறல் அதற்கு முந்தியது. விசாரணைச் செலவாக 10 லட்சம் பவுண்டு மட்டும் கட்டியது. ஆயினும் நடுவர் இட்ட கட்டளைகள் அபராதத்தைவிடப் பயனுள்ளவை என்பேன். விலைப் பதிவில் பிழை என்று வழங்குநர் சுட்டினால் ஏழு நாளில் திருத்த வேண்டும். கழிவு பிடிப்பதற்கு முன் தெரிவித்து, மறுப்புச் சொல்ல 30 நாள் தர வேண்டும். மறுத்தால் பிடிக்கக் கூடாது. பின்னர் 2019இல் கோ-ஆப் நிறுவனத்தின் மீதும் இத்தகைய அறிக்கை வந்தது. விதிமீறல் சிக்கலைச் சந்தித்ததாக நடுவரின் ஆண்டு ஆய்வில் கூறிய வழங்குநர்கள் 2014இல் 79 விழுக்காட்டினர். 2020இல் 36 விழுக்காட்டினர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மளிகைக்கென்று தனி நடுவர் இங்கில்லை. இருப்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006. இதன் 15ஆம் பிரிவின்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் ஒப்பந்த நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையெனில் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6.75 விழுக்காடாக இருந்த 2024ஆம் ஆண்டில் அது 20.25 விழுக்காடு. மாநில வசதியாக்க மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் செல்ல வேண்டுமானால் 75 விழுக்காட்டை முன்னதாகக் கட்ட வேண்டும். ஏட்டளவில் பிரிட்டன் சட்டத்தைவிடக் கடுமையானது இது.

ஆனால் மன்றத்தின் கதவைத் தட்டுபவர் தம் பெயரைச் சொல்லித்தான் தட்ட வேண்டும். 2017இல் ‘சமாதான்’ இணையதளம் வந்து விண்ணப்பிப்பது எளிதாயிற்று; பெயர் மறையவில்லை. நான் கண்டவரை, மன்றத்துக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் வாங்கியவரோடு உறவு முறிந்தவர்கள். உறவு நீடிக்கும் வரை எவரும் செல்வதில்லை. 2002இல் பிரிட்டன் நின்ற இடம் இதுதான்.

இந்த நிலையில், 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமானவரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்த்த (எச்) கூறு கவனத்துக்குரியது. 15ஆம் பிரிவின் கெடு தாண்டிய பாக்கியை, உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்கிறது அது. வழங்குநர் வாய் திறக்க வேண்டியதில்லை. வாங்கியவரின் தணிக்கையாளரே கேட்பார். 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எங்கள் வாடிக்கையாளர்கள் சிலருக்கு நெடுநாள் பாக்கி திடீரென்று வந்து சேர்ந்ததை அவர்கள் கணக்குகளிலேயே கண்டோம்.

இதிலும் ஓட்டை உண்டு. மே மாதத்துப் பாக்கியை அடுத்த மார்ச் 31க்குள் கொடுத்துவிட்டால் வரிச்சலுகைக்குக் குறைவில்லை. ஆகவே இக்கூறு கடிப்பது ஆண்டிறுதியில் மட்டுமே. உத்யம் பதிவை நீக்கிவிடுமாறு வழங்குநர்களை வாங்குவோர் வற்புறுத்துவதாகவும், பதிவில்லாதவர்களிடம் கொள்முதலை மாற்றுவதாகவும் அந்நாளில் செய்திகள் வந்தன. அப்படி யாரேனும் உங்களைக் கேட்டால், பதிவை நீக்குவதால் இழப்பது 45 நாள் பாதுகாப்பை மட்டுமன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள். முன்னுரிமைக் கடன், பிணையற்ற கடனுக்கான உத்தரவாதத் திட்டம் ஆகியவையும் அந்தப் பதிவையே சார்ந்தவை.

தாமதத்தின் சுமையைக் குறைக்க வங்கி வழியாக உள்ள ஏற்பாடு ‘டிரெட்ஸ்’ தளங்கள். 2017 முதல் இயங்கும் இவற்றில், வாங்கியவர் ஏற்றுக்கொண்ட விலைப்பட்டியலை வங்கிகள் ஏலம் கேட்டுத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்கின்றன. வட்டி நிர்ணயமாவது பெரும்பாலும் வாங்கியவரின் தகுதியைக் கொண்டு; ஆகவே சிறு நிறுவனம் தானே கடன் பெறுவதைவிடக் குறைவாக அமையலாம். வாங்கியவர் பின்னர் பணம் தரத் தவறினாலும் வங்கி வழங்குநரிடம் திரும்பிக் கேட்காது. இதன் அருமை, 1997இல் சென்னையில் தொடங்கி நாடெங்கும் பரவிய சுபிக்ஷா கடைகள் 2009இல் மூடப்பட்டபோது நிலுவையோடு நின்றவர்களுக்குப் புரியும். ஆண்டு விற்பனை 250 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள் 2025 மார்ச் 31க்குள் இத்தளங்களில் சேர வேண்டும் என்று அரசு அறிவித்தது. சேர்வதுதான் கட்டாயம், ஒவ்வொரு விலைப்பட்டியலையும் அங்கே ஏற்பது வாங்கியவரின் விருப்பம். ஒப்பந்தம் பேசும்போதே ‘டிரெட்ஸ் மூலம் பட்டியலை ஏற்பீர்களா’ என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

எழுத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இரண்டொரு குறிப்புகள். சரக்கில் குறை என்று வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லாவிட்டால், அதை ஏற்றதாகவே 2006ஆம் ஆண்டுச் சட்டம் கொள்கிறது. ஆகவே சரக்கு சேர்ந்த நாளுக்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்பாத டெபிட் நோட்டுக்கு உடனே மின்னஞ்சலில் மறுப்பு அனுப்புங்கள். மொத்த, சில்லறை வணிகர்களுக்கு 2021 முதல் உத்யம் பதிவு தரப்பட்டாலும், அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. 45 நாள் விதி அவர்களுக்குப் பொருந்தாது. உற்பத்தியாளர்களோ பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். சரக்கு அனுப்பிய பிறகு பெறும் பதிவு, முன்பு அனுப்பிய சரக்குக்குப் பயன் தராது என்பதே 2021, 2022ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் கொண்ட நிலை. உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும், பொருந்துமாயின் ஜிஎஸ்டி எண்ணும் போதும், கட்டணம் ஏதுமில்லை. கட்டணம் கேட்கும் இணையதளம் அரசினுடையது அன்று.