புகையும் ஏதுவும்

தருக்க நூல் பயிலத் தொடங்குவோர் முதல் நாளிலேயே சந்திப்பது ஒரு மலை. அம்மலையிற் புகை எழுகின்றது. புகை உண்மையால் அங்கே நெருப்பு உண்டு. அடுக்களையிற் கண்டாற் போல. பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்னும் மூன்றையும் விளக்க இதனினும் எளிய உதாரணம் இல்லை. ஆயினும் வகுப்பில் இதனைச் சொல்லும்போது மாணவர் கண்கள் மெல்ல மூடுதலைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றேன். அவர்கள்மேற் குற்றமில்லை. யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. எங்கள் வீட்டு அடுக்களைகள் பலவற்றில் இப்போது புகையும் இல்லை.

எனக்குத் தருக்கம் உண்மையில் விளங்கியது ஏட்டினால் அன்று. நடுவழியில் நின்றுபோன மோட்டார் சைக்கிளினாலேயே அது விளங்கிற்று.

1990 ஆனி மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குள் எரிபொருள் வருவது தடைப்பட்டது. பெற்றோல், வைத்தியர் தரும் மருந்துபோலத் துளிக் கணக்கில் அளக்கப்படும் பொருளாயிற்று. சண்டிலிப்பாயிலிருந்து மானிப்பாய் வழியாக யாழ்ப்பாணம் செல்லும் வீதியில் ஓடிய வண்டிகள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. அவை போன வழியெல்லாம் வெண்புகை. பின்னாற் சைக்கிளில் வருவோருக்குக் கண்ணெரிவு.

மண்ணெண்ணெய், பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதன்று. பெற்றோல் நீர் உறையும் குளிரினும் மிகக் கீழ்ப்பட்ட குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை எழுப்பும். மண்ணெண்ணெய்க்கோ ஏறக்குறைய 38 பாகைச் சூடேனும் வேண்டும். ஆதலாற் குளிர்ந்த இயந்திரத்தில் அது நனைக்குமேயன்றி எரியாது. இதற்கு எம்மவர் கையாண்ட உபாயம் ஒரு சிறு போத்தல். அதிலுள்ள பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு உதைத்தால் இயந்திரம் உயிர்க்கும். பின்னர் அதன் சூட்டிலே மண்ணெண்ணெய் எரியும். சூடு ஆறிவிட்டாலோ மீண்டும் போத்தலையே நாட வேண்டும்.

இஃது எம்மவர் புதிதாய்க் கண்டதன்று. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளிற் பேர்குசன் உழவு இயந்திரங்களுள் ஒரு வகை, பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெய் இனத்து எண்ணெயில் ஓடுமாறே செய்யப்பட்டது. அங்கே அதற்கென இயந்திரத்தை அமைத்தார்கள். இங்கே இருந்த இயந்திரத்தை வற்புறுத்தினோம். வற்புறுத்தலுக்கு விலை உண்டு. பிளக்கிற் கரி படிந்தது. இயந்திர எண்ணெய் நீர்த்துப்போயிற்று. வண்டிகள் நினையாத இடங்களில் நின்றன.

அக்காலத்தில் எனக்கு ஆசிரியராய் வாய்த்தவர் அயலிற் கராச் வைத்திருந்த ஒருவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் அளவை நூலின் சாரத்தை மூன்று வாக்கியத்தில் அடக்கியவர். “தம்பி, மூன்று கேள்விதான். எண்ணெய் வருகுதோ? பொறி அடிக்குதோ? காற்று அமுங்குதோ? ஒன்றுக்கு மறுமொழி வராமல் மற்றதுக்குப் போகாதேயும்.”

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் வந்தும் எரியவில்லை. கரி மூடியிருந்தால் எண்ணெய் மிகை அல்லது காற்றுக் குறை. சிந்திய எரிபொருளைத் துடைத்து, அதன் ஆவி கலையும் வரை பொறுத்தபின், அதே பிளக்கை அதன் கம்பியிற் பொருத்தி இயந்திரத்தின் உடலோடு அணைத்து உதைத்தால், நீலப் பொறி தோன்றுகின்றதா என்பது தெரியும். பிளக் இருந்த துளையைப் பெருவிரலால் அடைத்து உதைக்கும்போது காற்று விரலைத் தள்ளினால் அமுக்கமும் உண்டு. இவற்றுட் கண்ணாற் காண்பது காட்சி. கண்டதைக்கொண்டு காணாததை அறிவது கருதல். முன்னரே கெட்டறிந்தவர் சொல்வது உரை. மூன்று அளவைகளும் ஒரு வீதியோரத்தில் அடங்கிவிடுகின்றன.

1995 ஐப்பசியில், 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை. என் தந்தையாருக்கு முட்டு வருத்தம். அவரை 90 சீ.சீ. வண்டியின் பின் இருக்கையில் இருத்தி, சனத்திரளின் நடுவே உருட்டிக்கொண்டு சென்றேன். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கப் பல மணி நேரமாயிற்று. அப்பால் வழி சற்று விலகியபோது உதைத்தேன். வண்டி அசையவில்லை. எண்ணெய் வந்தது. பிளக்கிற் பொறியும் அடித்தது. கழற்றிய பிளக்கோ மண்ணெண்ணெயில் நனைந்திருந்தது. காரணம் வெளிப்படை: இயந்திரம் ஆறிவிட்டது. மருந்தும் வெளிப்படை: ஒரு கரண்டி பெற்றோல். என் போத்தலோ புறப்பட்ட அவசரத்தில் வீட்டுத் திண்ணையிலே நின்றுவிட்டது.

காரணத்தைத் திருத்தமாய் அறிந்தும் ஒன்றும் செய்ய இயலாத நிலை ஒன்று உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். எந்தையின் மூச்சு முதுகுப்புறத்திற் கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வேளை அருகே தம் வண்டியை உருட்டி வந்த ஒருவர் என்னை நோக்கினார், எந்தையையும் நோக்கினார். தம் சட்டைப்பையிலிருந்த போத்தலை எடுத்து, அதிற் பாதியை என் காபரேற்றரில் ஊற்றினார். “எனக்கு மிச்சம் காணும். நீர் ஐயாவைக் கொண்டு போம்” என்றார். வண்டி உயிர்த்தது. திரும்பிப் பார்த்தபோது அவரைக் காணவில்லை. பெயரைத்தானும் கேட்டிலேன். எந்தையார் அதன்பின் பதினோராண்டு வாழ்ந்தார்.

சென்ற சித்திரை விடுமுறையில் வவுனியாவுக்கு மோட்டார் சைக்கிளிற் சென்றேன். எம்மூரிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீற்றர். முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கி மாங்குளம் நோக்கிப் போகையில், வீதியோரத்தில் ஓர் இளைஞன் பிளக்கைக் கழற்றி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். நின்று விசாரித்தேன்.

“பிளக்தான் பிழை, ஐயா. அரை மணித்தியாலம் ஓடும், பிறகு நிற்கும். கழற்றித் துடைத்தால் திரும்ப ஓடும். இது மூன்றாம் தரம்.”

பிளக்கை வாங்கிப் பார்த்தேன். அதிற் கரி இல்லை, அது உலர்ந்திருந்தது. காபரேற்றரின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தச் செய்தேன். ஒரு துளியும் விழவில்லை. தாங்கியிலோ பெற்றோல் பாதிக்கு மேல் இருந்தது. தாங்கியின் மூடியைத் திறக்கச் சொன்னேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. உடனே கீழே பெற்றோல் ஒழுகிற்று.

மூடியில் ஒரு நுண்ணிய துளை உண்டு. எரிபொருள் இறங்க இறங்க அவ்வழியே காற்று உட்புக வேண்டும். செம்புழுதி அதனை அடைத்துவிட்டது. காற்றுப் புகாமையாற் பெற்றோல் இறங்காது நின்றது. அவன் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்திற் காற்று மெல்லக் கசிந்து உட்சென்றது. வண்டி மீண்டும் ஓடியது. ஓடச் செய்தது துடைத்தல் அன்று, தாமதம். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை இதுவே. தருக்க நூலார் இதனை ஏதுப்போலி என்பர். மூன்றுமுறை பலித்தமையால் அவன் அதனை உண்மை ஏதுவென்றே நம்பிவிட்டான். பலித்த பொய்யைப்போல் மனிதனை ஏமாற்றுவது பிறிதில்லை.

ஓர் ஈர்க்கினால் அத்துளையைக் குத்தித் துப்புரவாக்கினோம். வவுனியா வரை அவனுக்குப் பின்னாலேயே சென்றேன். வண்டி எங்கும் நிற்கவில்லை.

இன்று பல வண்டிகளிற் காபரேற்றர் இல்லை. எரிபொருளைப் பீச்சும் கருவியும் பிழை காட்டும் விளக்கும் வந்துவிட்டன. கருவி மாறலாம், கேள்விகளின் ஒழுங்கு மாறாது. எரிபொருட் பஞ்சமும் பழங்கதையாய்ப் போய்விடவில்லை. 2022 இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிட்ட நாளை நாம் எல்லோரும் கண்டோம்.

வவுனியாவில் அவ்விளைஞன் பணப்பையை எடுத்தான். வேண்டாம் என்றேன். நாவற்குழியில் நான் பட்ட கடன் அரைப் போத்தல் பெற்றோல். கொடுத்தவர் எங்கிருக்கின்றாரோ அறியேன். ஆதலால், நின்றுபோன வண்டி எதனைக் கண்டாலும் அதன் அருகே என் வண்டியும் நின்றுவிடுகின்றது.